பவுடரை விடுவதற்கான மருந்து வாவிக்கு இந்தப் பக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கையின் மகன் கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் பவுடருக்கு, அதாவது ஹெரோயினுக்கு, பழகிவிட்டான். ஊருக்குக் கூட்டி வந்தோம். வயிற்றோட்டம், வாந்தி, கால் உளைச்சல் என்று மூன்று நாள் பாயில் புரண்டு அழுதான். ஆஸ்பத்திரி ஒன்றில் வாந்திக்கும் நித்திரைக்கும் மாத்திரை தந்துவிட்டு, மிச்சத்துக்குக் கொழும்புக்குத் துண்டு எழுதினார்கள். மண்டூர்த் துறையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து ஓர் இரவுப் பயணம். பவுடர் பழகிய ஊருக்கே திரும்பவும் அனுப்புவதா என்று தங்கை மறுத்துவிட்டாள்.

லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் பேரனுக்கும் இதே பழக்கம் இருந்தது. அவன் காலையில் வீட்டுக்குக் கிட்ட உள்ள மருந்துக்கடைக்குப் போய், மருந்தாளர் பார்த்திருக்க, பியூபிரனோர்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே குடும்பம்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று முன்பு நானும் கேட்டவன்தான். சரியான அளவில் எடுத்தால் பியூபிரனோர்ஃபின் கிறக்கம் தராது, உடம்பின் தவிப்பைத்தான் அடக்கும். இதே தேவைக்குத் தரும் இன்னொரு மருந்தான மெதடோனும் அப்படியே. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்தில்லாமல் சில கிழமை பவுடரை விட்டிருந்தவன் திரும்ப எடுத்தால், உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுவிடக்கூடும். மருமகனுக்கு அதுதான் நடந்தது. விடியப்புறம் தங்கை எழும்பிப் பார்த்ததால் தப்பினான்.

நான் 27 வருடம் ஆஸ்பத்திரிச் சிற்றூழியனாக இருந்தவன். கசநோய்க்காரர்கள் குறைந்தது 6 மாதம் எங்கள் முன்னால்தான் மாத்திரை விழுங்கினார்கள். அதற்காக அவர்களை யாரும் கொழும்புக்கு அனுப்பவில்லை. மாத்திரைதான் அவர்களைத் தேடி வந்தது. நாள்தோறும் எடுக்க வேண்டிய இந்த மருந்தையும் அப்படியே தரலாம். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகளில் தொடங்குங்கள். தொடர்ந்து கொடுப்பதைக் கிராமத்து ஆஸ்பத்திரிகளிடம் விடுங்கள். கூலிவேலைக்குப் போகிறவன் வேலைக்கு முன் வந்து எடுக்கும்படி காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்து வையுங்கள்.

தங்கை இப்போதும் இரவில் இரண்டு தடவை எழும்பி அவன் மூச்சைப் பார்க்கிறாள்.

பிள்ளையின் நன்மைக்காக என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வைத்தியசாலைச் சிற்றூழியர்,
மண்டூர்.