கை தூக்காத அக்காவுக்கு

அக்கா,

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாலியல் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நீ கை தூக்கவில்லை என்று, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள். ஆனால் சொன்ன விஷயம் தப்பு என்று இன்னும் தோன்றவில்லை. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் நாலு பேராவது படிப்பார்கள், ஆகவே ஊர்ப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், உன் பெயர் எதுவும் இதில் இருக்காது.

கடல்பாசி எடுக்கப் போன அந்தக் காலைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நீ குனிந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாய், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ மேலே ஏறியதும் காலில் வழிந்ததைப் பார்த்து, கடலடிப் பாறை கிழித்துவிட்டது என்று நினைத்து, 'அக்காவுக்குப் பார் வெட்டிருச்சு, பார் வெட்டிருச்சு' என்று கத்திக்கொண்டே கரை முழுக்க ஓடினேன். நீயும் எங்கே வெட்டியது என்றுதான் தேடிக்கொண்டிருந்தாய். உனக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்து 'வாயை மூடுடா' என்றார். எதற்கு அடி என்று புரியவே எனக்குச் சில வருஷம் ஆனது. அப்புறம் மாமா ஓலை கொண்டுவந்தார், குச்சு கட்டினார்கள், ரேடியோ செட் அலறியது. உன் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. அடுத்து நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷமாவது படித்திருப்பாயோ என்று நினைப்பேன். பத்து வயசுப் பயலுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். பதினைந்திலும் ஒன்றும் தெரியாதுதான். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது சார் செம்பருத்திப் பூவை அக்கக்காகப் பிரித்துக் காட்டினார், மனுஷனைப் பற்றிய பகுதி வந்ததும் 'மீதியை வீட்டில் வாசிச்சுக்கங்க' என்று புத்தகத்தை மூடிவிட்டார். மீதியைச் சொல்லித் தந்தது வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அண்ணன்மார்கள். அந்தப் படிப்பின் லட்சணம் என் வீட்டுக்காரிக்குத் தெரியும், இதற்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்றாய். இங்கிலாந்திலேயே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இந்த மாதிரிப் பாடம் 2020 செப்டம்பரில்தான் கட்டாயம் ஆனது. சின்னப் பிள்ளைகளுக்கு நட்பு, குடும்பம், யாராவது கண்டபடி தொட்டால் யாரிடம் சொல்வது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாலியல் பாடம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர் அங்கேயும் கேட்கலாம். ஆனால் பதினாறு நிறைவதற்கு மூன்று பருவம் இருக்கும்போதிருந்து, எனக்கு வேண்டும் என்று பிள்ளை சொன்னால் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான், பிள்ளையையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறார்கள்.

அப்புறம் பண்பாடு என்றாய். 2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத் எல்லாம் பள்ளிக்கூடங்களில் வளரிளம் பருவக் கல்வியைத் தடுத்து நிறுத்தியபோதும் இதே வார்த்தைதான். பெண் வயசுக்கு வந்தால் செட் கட்டி, ஃபிளக்ஸ் அடித்து, மொய் எழுதுகிற ஊர் அக்கா இது. ஊருக்கெல்லாம் சொல்லலாம், பிள்ளையிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லக் கூடாதா? அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கையைக் கீழே வைத்திருக்கலாம். நீ வைத்திருக்கலாமா?

சும்மா கேட்கவில்லை. நீ தலைகுனிந்து முந்தானையை நெருடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கூச்சமாகத்தான் இருந்திருக்கும். நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, இதை எழுதும்போதே இரண்டு பத்தியை அழித்துவிட்டேன்.

போன வாரம் என் பாப்பா என்னிடம் ஒன்று கேட்டாள். என்ன கேட்டாள் என்று இங்கே எழுத மாட்டேன், உன்னிடமும் சொல்ல மாட்டேன், அது அவள் விஷயம். அம்மாவிடம் கேட்டியா என்றேன். 'அடிக்கும்' என்றாள். கூட்டத்தில் அவ்வளவு பேசின நான் என்ன செய்தேன் தெரியுமா, அத்தை வரட்டும், கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டேன். தொட்டி நிறைந்து வழிகிற வரைக்கும் உள்ளே வரவில்லை.

தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நான் கத்த மாட்டேன். நீ வா.