தே ஓ ஐஸ் பையில் வந்த சில்லறை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தண்ணீர் எதுவரை ஏறியது என்பது நம் தமிழ்ப்பள்ளிச் சுவரைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நன்றிக் கடிதம் ஒன்று முறைப்படி தயாராகிக்கொண்டிருக்கிறது. எல்லார் பெயரும் பட்டமும் அதில் வரிசையாக வரும். அதற்குள் என் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பிள்ளைகள் ஈப்போவுக்குப் போனார்கள். கதை சொல்லும் போட்டியில் மாநில அளவில் இரண்டாம் இடம். செய்யுள் ஒப்புவித்தலில் ஆறுதல் பரிசு. மறுவாரம் நடந்த பெண்கள் காற்பந்தில் அரையிறுதிவரை போய்ப் பெனால்டியில் தோற்றோம். எங்கள் கோல்கீப்பர் இன்னும் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்காதீர்கள், தானே சரியாகிவிடுவாள்.

யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்த காலத்தில் இத்தனை பேர் 8ஏ (எட்டுத் தாளிலும் ஏ) என்று பத்திரிகையில் படம் வரும், ஊரே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும். 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதன் பிறகு தோட்டப்புறப் பிள்ளைகள் 'நாங்களும் இருக்கிறோம்' என்று காட்டிக்கொள்ள இந்த மேடைகள்தாம் மிச்சம். அதனால்தான் அந்த நிலைமையிலும், "இந்த வருடம் விட்டுவிடலாமே" என்று ஒரு பெற்றோர்கூடச் சொல்லவில்லை.

போவது சரி, எதை உடுத்திக்கொண்டு போவது? பள்ளிச் சீருடையில்தான் மேடை ஏற வேண்டும். சீருடைகளோ சேற்றில் கிடந்தன. கடைத்தெருவும் திறக்கவில்லை. கோயில் குழாயடியில் அலசி முடித்து, குப்பை போடும் கறுப்புப் பைகளில் திணித்துக்கொண்டு, அம்மாக்கள் மூன்று பேர் ராத்திரியில் அந்த 24 மணி நேர டோபி கடைக்கு, காசு போட்டால் துணி துவைத்துக் காயவைக்கும் எந்திரக் கடைக்கு, போனோம். மேட்டில் இருந்ததால் அங்கே கரண்டு இருந்தது.

எந்திரங்கள் சில்லறையில்தான் ஓடும். சில்லறை மாற்றித் தரும் பெட்டி எங்கள் பணத்தை எடுக்கவே இல்லை. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகள் பிளாஸ்டிக், துடைத்தால் போதும். எங்களிடம் இருந்ததெல்லாம் பத்தும் இருபதும். காகித நோட்டு, நன்றாக ஊறியிருந்தது. உள்ளே தள்ளத் தள்ளப் பெட்டி வெளியே துப்பியது.

மூலையில் ஒரு மலாய்த் தம்பி உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மழைக்கோட்டைக் காயவைக்க வந்தவர் போலிருக்கிறது. எங்களையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து வெளியே போனார். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவரவர் பாடு அவரவருக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். கையில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே ஓ ஐஸ், அதாவது பால் இல்லாத ஐஸ் தேநீர், கட்டித் தருவார்களே, அதே பிளாஸ்டிக் பை, சிவப்பு ராஃபியாக் கயிற்றோடு. உள்ளே முழுக்கச் சில்லறை! மேசையில் கொட்டி, எந்திரம் எடுக்காத இருபது காசுகளை ஒதுக்கினார். ஐம்பது காசுகளை இரண்டிரண்டாக அடுக்கினார். எங்கள் ஈர நோட்டை நீட்டினோம். "அது காயட்டும், காக் (அக்கா). அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அதோடு போயிருந்தாலும் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன். அவர் போகவில்லை. விடுதியில் தங்கிப் படித்தவராம். பெண் பிள்ளைகளின் பினாஃபோர் சீருடையை அப்படியே போட்டால் மடிப்புக்குள் ஈரம் நிற்கும் என்று ஒவ்வொன்றையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடச் சொன்னார். காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டார். காலணிகளுக்குள் பழைய பத்திரிகையைத் திணித்து, நனைந்ததும் உருவி எடுத்து வேறு தாள் வைத்தார். (வெள்ளைக் காலணிக் காலமாக இருந்தால் அந்தக் கறை எதிலும் போயிருக்காது. 2021இல் கறுப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி; அன்றைக்கு வாழ்த்தினேன்.) அத்தனை நேரமும் அவர் கைப்பேசியில் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். மழை நாள்தான் அவர்களுக்குச் சம்பாத்திய நாள் என்பது எனக்குத் தெரியும். என் தம்பியும் அதே வேலைதான் செய்கிறான்.

பெயர் கேட்டோம், சொன்னார். எங்கும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை. மறுநாள் மாமாக் கடையில் விசாரித்தபோது, தன் சொந்தப் பணத்தைக் கல்லாவில் கொடுத்து மாற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அந்தக் கடன் சங்கக் கணக்கில் அப்படியே நிற்கிறது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், பிள்ளைகள் இரண்டாம் இடம் வாங்கினார்கள் என்பதையாவது மலாயில் சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் நன்றி உண்டு, குறைவாக எண்ண வேண்டாம். கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், பம்பு கொடுத்த சீனத் தௌக்கே (முதலாளி), டிராக்டர் அனுப்பிய தோட்டத்தார், தீயணைப்பு வீரர்கள், வகுப்பறைச் சேற்றை வழித்துத் தள்ளிய முன்னாள் மாணவர்கள், கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள், சொந்த வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கப் பள்ளிக்கு வந்து நின்ற ஆசிரியர்கள், அத்தனை பேருக்கும் நாசி லெமாக் கட்டிக் கொடுத்த சிற்றுண்டிச்சாலை அக்கா. எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

சில்லறையின் அருமை நம் ஊருக்குத் தெரியாததா? மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில்தானே தோட்டம் வாங்கியது.

அந்தத் தைரியத்தில் ஒன்று சொல்கிறேன். இந்தத் தண்ணீர் புண்ணியத்தில் ஆறாம் ஆண்டுப் பெற்றோர் எல்லாரும் முதல் தடவையாக ஒரே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறோம். அதைக் கலைக்காதீர்கள். தோட்டத்தில் 10 பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் பாட்டன்மார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 15 என்று இருக்கிறது. ஆறாம் ஆண்டுக்குப் பிறகு பிள்ளைகள் போகும் தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி வகுப்பு வேண்டும். யாரும் கேட்காவிட்டால், நம் பிள்ளைகளின் கதையும் செய்யுளும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். நான் கடிதத்தோடு வீடு வீடாக வருவேன். காப்பி கலக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும்.

கடைசியாக ஒரு விஷயம். அன்று காயவைத்த துணிகளில் இரண்டு பினாஃபோர், ஒரு நீலக் காற்சட்டை, ஜோடி சேராத இடது கால் காலணி ஒன்று இன்னும் பள்ளி அலுவலகத்தில் கிடக்கின்றன. பெயர் எழுதிய மை அழிந்துவிட்டது. உங்களுடையதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்