நான்கு அறைகளோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேன் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றை விரிவாக விளக்கிவிட்டு, இதயத்தின் நான்கு அறைகளும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பார்கள் என ஒரே வரியில் முடித்துக்கொண்டது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு அந்த வரி கவலையளித்தது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. அவற்றுள் மிகக் கடுமையான சில, நான்கு அறைகளை மட்டும் பார்த்தால் தென்படுவதே இல்லை. பெருந்தமனிகள் இடம் மாறிய குறைபாட்டில், இயல்புக்கு மாறாக, உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் புறப்படும். அறைகள் நான்கும் பெரும்பாலும் அளவாகவே தெரியும். ஸ்கேன் கருவியை அங்கேயே நிறுத்தாமல் சிசுவின் கழுத்துப் பக்கமாகச் சற்று நகர்த்திப் பார்த்தால்தான், பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று கடக்க வேண்டிய அவ்விரு குழாய்களும் இணையாக ஓடுவது புலப்படும்.

கருவறையில் நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் கிடைப்பதால் சிசுவுக்குத் தொல்லை இல்லை. பிறந்தபின், இரு தமனிகளையும் இணைத்து இரத்தம் கலக்க வழிதரும் நாளம் மூடத் தொடங்கியதும் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். ஆக்சிஜன் வைத்தும் மானிட்டரில் இரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் ஏறாது. அப்படி ஆம்புலன்சில் வந்து சேரும் குழந்தையோடு பெரும்பாலும் பாட்டியோ அத்தையோதான் வருவார். தாய் தையலோடு வேறு ஊர் மருத்துவமனையில் படுத்திருப்பார். முன்கூட்டியே தெரிந்திருந்தால், குழந்தைகள் இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஊரிலேயே பிரசவம் பார்த்து, நாளம் மூடாதிருக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை உடனே செலுத்தி, முதல் சில வாரங்களுக்குள் தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவையைச் செய்துவிடலாம். பிரான்ஸ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறைபாடு பிறந்தபின் கண்டறியப்பட்ட 250 குழந்தைகளில் 15 பேர் அறுவைக்கு முன்பே இறந்திருந்தனர். கருவிலேயே கண்டறியப்பட்ட 68 பேரில் ஒருவர்கூட அவ்வாறு இறக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, இதயத் தசையில் தெரியும் சிறு வெண்புள்ளியைக் கண்டு கலங்குவோரும் உண்டு. மற்றவை எல்லாம் இயல்பாக இருந்து, வெண்புள்ளி மட்டும் தனியே தெரிந்தால் அது இதயக் கோளாறு அன்று. இதை மருத்துவர்கள் அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மகப்பேறு அல்ட்ராசவுண்டுக்கான பன்னாட்டுச் சங்கம், தமனிகள் புறப்படும் இடங்களையும் பார்க்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே கூறிவிட்டது. நம் ஸ்கேன் மையங்கள் அனைத்தும் அவற்றைப் பார்த்ததையும், சிசு படுத்திருந்த வாக்கால் பார்க்க இயலாமற்போனால் அதையும், அறிக்கையில் தனி வரியாக எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். பார்க்க இயலாதபோது மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதியும் அதே வரியில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.