ஃபேன் பெல்ட் சத்தம் கேட்டுச்சு பாப்பா

பாப்பா,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ நாலு தடவ கேட்டுட்டேன். நல்லாருக்கேன்ப்பா அப்புறம் பேசறேன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணிருக்க, பின்னாடி கீச்ச்ச்னு மூணு செகண்டு ஒரு சத்தம், அப்புறம் அடங்கிருச்சு. அது ஃபேன் பெல்ட் வழுக்கற சத்தம். மெசேஜ் வந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு. அந்த நேரத்துல வண்டிய எடுத்துக்கிட்டு எங்க கெளம்புனன்னு நான் கேக்கல. பெல்ட்டப் பத்தி மட்டும் சொல்றேன்.

இன்ஜின் நல்லா ஆறுனப்புறம் சாவிய உருவிட்டு பானெட்ட தொற. பெல்ட்ட லேசா திருப்பி உள்பக்கம் பாரு, வெடிப்பு இருக்கா, நூல் பிரிஞ்சிருக்கான்னு. ஓரம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா வழுக்கியே தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம், எவ்ளோ டைட் வச்சாலும் பிடிக்காது, மாத்திரு. பெல்ட் மாட்டிருக்கற சக்கரம், அதான் புல்லி, ரெண்டு புல்லிக்கு நடுவுல நீளமான எடத்துல கட்டைவிரலால அழுத்துனா சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கணும், ரொம்ப தொங்குனா லூசு. அதுக்காக வெறைப்பாவும் வச்சிராத, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட பேரிங், வாட்டர் பம்ப் பேரிங் ரெண்டும் போயிரும்.

நம்ம வண்டில பெல்ட் ஜோடி. ஒண்ணு பாக்க நல்லாருக்குன்னு இன்னொண்ண மட்டும் மாத்தாத, பழசு நீண்டு போயிருக்கும், பாரம் பூரா புதுசு மேல விழுந்து அதுவும் சீக்கிரம் போயிரும். ரெண்டையும் சேத்துதான் மாத்தணும். பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டருக்கு கீழ இருக்கற பெரிய போல்ட், மேல பட்டையில இருக்கற போல்ட் ரெண்டையும் லூஸ் மட்டும் பண்ணு, இன்ஜின் பக்கமா தள்ளுனா பெல்ட் தானா வந்துரும். புதுச ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி ஏத்தாத, உள்ள இருக்கற நூல் அறுந்துரும், வெளிய தெரியவே தெரியாது. புல்லிய கையால சுத்திப் பாரு, கரகரன்னா பேரிங் போச்சுன்னு அர்த்தம். பெல்ட்ட மாட்டி, ஆல்டர்னேட்டர வெளிப்பக்கமா இழுத்துப் பிடிச்சு போல்ட் ரெண்டையும் இறுக்கி, எல்லாம் மாட்டி 10 நிமிஷம் ஓடவிட்டு ஆறவிட்டு திரும்ப அழுத்திப் பாரு, புது பெல்ட் கொஞ்சம் இழுத்துக் குடுக்கும். 300 கிலோமீட்டர் ஓடுனப்புறம் இன்னொரு தடவ.

ஓடும்போது அறுந்தா பேட்டரி லைட் எரியும், டெம்பரேச்சர் முள் ஏறும், ஸ்டியரிங் கனக்கும். நம்மது டீசல், பிரேக்குக்கு வேக்யூம் குடுக்கற பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகுலதான் இருக்கு, ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டாத. ஓரம் கட்டு, உடனே ஆஃப் பண்ணு. ரேடியேட்டர் மூடிய சூட்டோட தொறக்காத. ஓட்டவே ஓட்டாத பாப்பா.

ஃபோர் வீல் லோ போட்டு நீ அந்த மேட்ட ஏத்துன மாதிரி உன் தம்பியால ஏத்த முடியாது, எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா சேத்துல எறக்குனா பெல்ட்ட தண்ணியடிச்சு கழுவுன்னு எத்தன தடவ சொன்னேன், பானெட்ட தொறக்கற பழக்கமே உனக்கு வரல. எப்படி வரும், நீ கிட்ட வந்தாலே கையில கிரீஸ் ஆயிரும் போ போன்னு வெரட்டுனது நான்தானே. ஸ்பேனர தம்பி கையிலதான் குடுத்தேன்.

அந்த மலை ரோட்டு ராத்திரி உனக்கு ஒம்பது வயசு. பின் சீட்டுல இருந்து நீதான் மொதல்ல சொன்ன, அப்பா ஏதோ சத்தம் வருதுன்னு. பேசாம தூங்குன்னு அதட்டுனேன். பெல்ட் அறுந்ததும் மட்டமான பெல்ட்ட போட்டுட்டான்னு மெக்கானிக் மேல பழியப் போட்டேன், உங்கம்மா இன்னிவரைக்கும் அப்படித்தான் நம்பிட்டிருக்கா. மொத நாளே சத்தம் வந்துச்சு பாப்பா. கெளம்பற நேரத்துல அதோட மல்லுக்கட்ட முடியாம சோப்ப எடுத்து பெல்ட்டுல தேச்சேன். சத்தம் நின்னுபோச்சு, லூசு அப்படியேதான் இருந்துச்சு. என் சட்டைய பிடிச்சுக்கிட்டு அந்த இருட்டுல அவ்ளோ தூரம் நடந்து வந்த நீ. கால் வலிக்குதாடான்னு கேட்டதுக்கு இல்லப்பா நல்லாருக்கேன்னு சொன்ன. நேத்து கேட்டதும் அதே குரல்தான்.

சோப்பு தேய்க்காத, ஸ்ப்ரே எதுவும் அடிக்காத. கழட்டுன பெல்ட் அறுந்துபோகாம இருந்தா சீட்டுக்கு அடியில போட்டு வை, அவசரத்துக்கு ஆகும். வீடியோ கால் போட்டு ஃபோன பானெட்டுக்குள்ள காட்டு, ஒவ்வொண்ணா நான் சொல்றேன். ராத்திரி ரெண்டு மணின்னாலும் போடு, நான் முழிச்சிட்டுதான் இருக்கேன். மாத்துனப்புறம் ஸ்டார்ட் பண்றப்ப இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு, கேக்கணும்.

அப்பா