மகளுக்கு: "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கும் சேவை பற்றி

அன்பு மகளுக்கு,

நீயும் உன் கூட்டாளிகளும் செய்யப்போகும் வேலையின் குறிப்பை முழுதாகப் படித்தேன். ஒருவர் தான் நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால், அவருடைய நண்பர்களில் யார் கிட்டடியில் நிற்கிறார்கள் என்று இரு பக்கத்துக்கும் அறிவிக்கிற சேவை. டட்டா வேண்டாம், ஸ்மார்ட் போன் வேண்டாம், பட்டன் போன் போதும். வன்னிக்குப் பொருத்தமான யோசனைதான் பிள்ளை. டட்டா இழுபடுகிற இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோது, உறவுகள் எந்தப் பாடசாலையில் தங்கியிருக்கிறார்கள் என்று தேடிய சனத்துக்கு இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் பெரிய உதவி. ஆகவே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் குறிப்பில் தனியுரிமைக்கு நாலு வரிதான் ஒதுக்கியிருக்கிறாய். அந்த நாலும் பெரிய நகரத்துக்குச் சரியாக வரும். எங்கள் பக்கத்துக்கு வராது. அதுதான் என் கவலை.

இந்த வகைச் சேவைக்கு முன்னோடி நியூயோர்க்கில் டெனிஸ் குரோலியும் அலெக்ஸ் ரெய்னேர்ட்டும் தொடங்கிய டொட்ஜ்போல். ஆள் தான் நிற்கும் கடையின் பெயரைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார். அது அவருடைய நண்பர்களுக்குப் போகும். பத்துத் தெருவுக்குள் நிற்கிற நண்பரின் நண்பருக்கும் போகும். 2005இல் கூகிள் அதை வாங்கி, 2009இல் மூடிவிட்டது. அதே ஆண்டு குரோலி வேறொருவருடன் சேர்ந்து அதே மாதிரியான போர்ஸ்குவேரைத் தொடங்கினார். கூகிள் தன் பங்குக்கு லாட்டிட்யூட் என்ற ஒன்றை விட்டது. டொட்ஜ்போலில் ஆள் தானாகச் சொன்னால்தான் இடம் தெரிந்தது. லாட்டிட்யூட்டில் போன் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. உன் திட்டம் முதல் வகை. அதை எந்தக் காரணத்துக்காகவும் இரண்டாவது வகைக்கு மாற்றாதே. நாளைக்கு யாராவது வந்து, "தொலைபேசிக் கம்பனியிடம் டவர் விபரம் வாங்கினால் ஆட்கள் எழுதவே தேவையில்லை, தானாக வரும்" என்று ஆசை காட்டினாலும் மறுத்துவிடு.

உன் குறிப்பில் "நண்பரின் நண்பர் வரை" என்று போட்டிருக்கிறாய். நியூயோர்க்கில் பத்துத் தெருவுக்குள் ஆயிரக்கணக்கான ஆட்கள் நிற்பார்கள். அங்கே நண்பரின் நண்பர் என்பது ஒரு சிறு கூட்டம். ஒட்டுசுட்டானில் நண்பரின் நண்பர் என்றால் ஊரே அதற்குள் வந்துவிடும். அதற்குள் பழைய காணிச் சண்டைக்காரர் இருப்பார், நுண்கடன் தவணை கேட்டு வீடு வீடாக வருகிறவர் இருப்பார், விலகிப்போன கணவனின் தம்பியும் இருப்பான். தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இங்கே எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். "கிளிநொச்சிச் சந்தையில் நிற்கிறேன்" என்று அவள் அனுப்புகிற செய்தியை வேண்டாதவன் "வீட்டில் ஆள் இல்லை" என்று வாசிப்பான். ஆகவே ஒரு படி மட்டும். அதுவும் இரண்டு பக்கமும் தாங்களாகவே சம்மதித்தால்தான். ஒருவர் இன்னொருவரின் எண்ணைக் கொடுத்துச் சேர்க்கிற வசதியே இருக்கக்கூடாது.

அடுத்தது, இடத்தை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்வது என்பது. ஊர்ப் பெயர்ப் பட்டியலுக்குப் பின்னால் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை வைத்திருக்கிறாய், அதுவும் நாலு தசமத்துக்கு. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். இரண்டு தசமம் என்றால் 1.1 கிலோமீற்றர், மூன்று என்றால் 110 மீற்றர், நாலு என்றால் 11 மீற்றர். எங்கள் வளவுகளில் 11 மீற்றர் என்பது கிணற்றடிக்கும் வாசலுக்கும் உள்ள தூரம். அந்த எண்களை வைத்திருந்தால் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையே வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். இரண்டு தசமத்துக்கு மேல் தரவுத்தளத்துக்குள் போகவே விடாதே. அதுவும் போதாத இடங்கள் உண்டு. முறிகண்டி தாண்டிக் காட்டுப் பக்கமாகத் திரும்பினால் ஒரு கிலோமீற்றருக்குள் ஒரே ஒரு வீடு இருக்கலாம். அங்கே "ஒரு கிலோமீற்றருக்குள் ஒருவர்" என்று அறிவிப்பதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். அதனால் தூரத்தை அளவாக வைக்காமல் ஆட்களின் எண்ணிக்கையை அளவாக வை. குறித்த பரப்புக்குள் உன் சேவையில் உள்ளவர்கள் குறைந்தது 20 பேர் இல்லையென்றால் பரப்பைப் பெரிதாக்கு: ஊர், பிறகு பிரதேச செயலாளர் பிரிவு, பிறகு மாவட்டம். கிளிநொச்சிக்குக் கரைச்சி, கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று நாலே பிரிவு. சனத்துக்கு வாயில் வருகிற பெயர்கள். "கரைச்சிக்குள் நிற்கிறார்" என்பது வழக்கமான பதிலாக இருக்கட்டும். சரியான இடம் வேண்டுமென்றால் கேட்கிறவர் கேட்கட்டும், நிற்கிறவர் அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லட்டும்.

இடத்தை மறைக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிக் காட்டலாம் என்று உன் கூட்டாளி எழுதியிருக்கிறார். அது வேலைக்கு ஆகாது. ஒரே வீட்டில் இருந்து முப்பது தடவை அனுப்பினால் முப்பது பிழைப் புள்ளிகள் கிடைக்கும்; அவற்றின் சராசரியை எடுத்தால் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் எங்கிருந்து அனுப்பினாலும் அந்தக் கட்டத்தின் ஒரே பெயர் வருகிற மாதிரிச் செய். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான் என்றால் சராசரி எடுக்க ஒன்றும் இருக்காது.

தூரத்தை எண்ணாகச் சொல்லவும் வேண்டாம். துணை தேடுகிறவர்களின் டிண்டர் செயலியில் 2013இல் பிடிபட்ட குறை இதுதான். அடுத்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைச் செயலி மிக நுணுக்கமான எண்ணாக அனுப்பியது; மூன்று இடங்களில் நிற்பதாகக் காட்டிக் கேட்டால் மூன்று வட்டம், அவை வெட்டுகிற புள்ளியில் ஆள். வன்னியில் மூன்று தேவையில்லை. இங்கே சனம் நிற்பது பெரும்பாலும் றோட்டோரம். மாங்குளம் சந்தியில் நின்று கேட்டு 9 கிலோமீற்றர் என்று பதில் வந்தால், ஆள் ஏ-9 நெடுஞ்சாலையில் வடக்கே அல்லது தெற்கே, இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் றோட்டில், அதுவும் இல்லாவிட்டால் மல்லாவி றோட்டில் நிற்க வேண்டும். நாலே இடம். முறிகண்டியில் நின்று இன்னொரு தடவை கேட்டால் நாலு ஒன்றாகிவிடும். இதற்குக் கணினி தேவையில்லை, றோட்டைத் தெரிந்த எவனும் மனக்கணக்கில் செய்வான். தூரத்தைக் கேட்டால் "கிட்ட", "கொஞ்சம் தூரம்", "இன்றைக்குத் தெரியாது" என்ற மூன்று பதில் போதும். ஒரே ஆளைப் பற்றி ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் விடாதே.

அந்த மூன்றாவது பதில்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒருவர் மறைந்திருக்க விரும்பினால், "இவர் இடத்தை மறைத்திருக்கிறார்" என்று உன் சேவை காட்டிக்கொடுக்கக்கூடாது. ஏன் மறைத்தாய் என்ற கேள்வியோடு அடி உதையும் வருகிற வீடுகள் உண்டு. சிக்னல் இல்லை, போன் சார்ஜ் இல்லை, றீலோட் முடிந்துவிட்டது, அனுப்ப மனமில்லை: இவை நாலும் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒன்று போலவே தெரிய வேண்டும். கவரேஜ் விட்டு விட்டு வருகிற ஊரில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். லாட்டிட்யூட்டில் நகரத்தின் பெயரை மட்டும் காட்டவும், இடத்தைக் கையால் மாற்றி வைக்கவும் வழி வைத்திருந்தார்கள். உன்னுடையதில் ஆள் தானே எழுதுவதால் பொய் சொல்லவும் முடியும். அந்த வழியை டவர் விபரத்தோடு ஒப்பிட்டு அடைத்துவிடாதே.

இனிக் குறுஞ்செய்தியைப் பற்றி. வட்ஸ்அப் போல இது இரு முனைக்கும் இடையில் பூட்டிப் போவதில்லை. கம்பனியின் செய்தி மையத்தில் அப்படியே வாசிக்கக்கூடியதாகத் தங்கித்தான் அடுத்த போனுக்குப் போகிறது. உன் சேவருக்கு, அதாவது சேவையை நடத்துகிற கணினிக்கு, வருவது எண்ணும் எழுத்தும் மட்டும். கம்பனிக்கோ எந்த டவர் வழியாக, எத்தனை மணிக்கு என்பதும் தெரியும், அது பதிவாகும். சிம் அடையாள அட்டைக்கு எழுதித் தருவதால் எண் என்றால் ஆள். நீ எவ்வளவு அழித்தாலும் அந்தப் பதிவு உன் கையில் இல்லை. சேருகிறவருக்கு அதை மறைக்காமல் முதல் செய்தியிலேயே சொல்: "உங்கள் தொலைபேசிக் கம்பனி இதைப் பார்க்க முடியும்."

அந்த முதல் செய்தியைத் தமிழில் எழுதும்போது இடக்கணக்கைப் பார். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 அலகுதான். குற்றும் கொம்பும் விசிறியும் தனித்தனி அலகு. "புதுக்குடியிருப்பு" கண்ணுக்கு ஒன்பது எழுத்து, கணக்கில் 18 அலகு. ஊர்ப் பெயர் ஒன்றே செய்தியில் காற்பங்கை எடுத்துவிடும். 70ஐத் தாண்டினால் துண்டாகி ஒவ்வொரு துண்டும் 67 அலகாகச் சுருங்கும், காசும் துண்டுக் கணக்கில் போகும். அதைச் சேமிக்க எச்சரிக்கை வரியைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். வெட்டாதே, இரண்டு செய்தியாக அனுப்பு. பழைய போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாக வரும். அவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பவும் ஒரு வழி வை.

செய்தி பிந்துவதும் ஆபத்து. போன் நிறுத்தியிருந்தால் செய்தி மையத்தில் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் வந்து விழும். 4 மணிக்குச் சந்தியில் நின்றதை 7 மணிக்கு வாசித்துவிட்டு ஒருவர் இருட்டில் தேடிப்போவார். நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுது. அனுப்பும்போது செல்லுபடிக் காலம் ஒரு மணி நேரம் என்று குறித்துவிடு. அதற்குள் சேராத செய்தியை மையம் கைவிட்டுவிடும்.

ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பது இங்கே சாதாரணம். பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி தெரியும். அதில் பெயரையும் இடத்தையும் சேர்த்துப் போடாதே. அனுப்பியவர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதையும் மறக்காதே. 2019 ஓகஸ்ட்டில் டுவிட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் தொலைபேசி எண்ணையே கைப்பற்றி, குறுஞ்செய்தி வழியாக அவருடைய கணக்கில் எழுதினார்கள். அதற்குப் பிறகு டுவிட்டர் அந்த வழியை நிறுத்தியது. யாரைச் சேர்ப்பது, யாருக்குக் காட்டுவது போன்ற மாற்றங்களுக்கு உடனே கீழ்ப்படியாமல், அந்த எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பதில் வந்த பிறகு செய். எண்ணைப் போலியாகக் காட்டியவனுக்கு அந்தக் கேள்வி போகாது. சிம்மையே கைப்பற்றியவனை இது தடுக்காது. அதற்காகச் சேரும்போது ஒரு இரகசியச் சொல்லும் வாங்கி வை. பாவிக்காத எண்ணைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், மூன்று மாதம் சத்தமில்லாமல் இருக்கிற எண்ணை நீக்கிவிடு.

வைத்திருக்கும் காலத்துக்கு உன் குறிப்பில் ஒன்றுமே இல்லை. வட்ஸ்அப்பில் நேரடி இடத்தைப் பகிர 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று முதலே கேட்கிறது. நீயும் கேள், பதில் தராவிட்டால் இரண்டு மணியில் அழித்துவிடு. வெள்ளம் போன்ற நேரத்துக்கு 24 மணி வரை நீட்டலாம், ஆள் தானே கேட்டால். பழைய இடங்களின் வரிசையை வைத்திருக்காதே, பெயரை எடுத்துவிட்டும் வைத்திருக்காதே. ஐரோப்பிய நாடொன்றில் 15 இலட்சம் பேரின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்: இடமும் நேரமுமாக நாலு புள்ளி தெரிந்தால் 95 சதவீதமானவர்களைத் தனித்துப் பிரித்துவிடலாம். அங்கே நாலு. காலையில் ஒரு பாடசாலை, மாலையில் ஒரு குளக்கட்டு என்று இரண்டைச் சொன்னால் எங்கள் ஊர்க் கடைக்காரர் ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார். சேவரின் பதிவேட்டிலும், செய்தி அனுப்பித் தருகிற இடைக் கம்பனியிடமும், பிரதி எடுத்து வைக்கிற இடத்திலும் அதே வரிகள் கிடக்கும். மூன்றிலும் அழிய வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் திரட்டாதே, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது. ஒருமுறை முழுதாக வாசி.

விலகுவது சேருவதை விடச் சுலபமாக இருக்கட்டும். "நிறுத்து", "வேண்டாம்", "போதும்", இவற்றையே ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகத் தட்டினாலும் ஏற்றுக்கொள். ஒரே ஒரு பதில் அனுப்பு, அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு எதுவும் போகக்கூடாது. அவர் விலகினார் என்று நண்பர்களுக்கும் அறிவிக்காதே. மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும், உங்களை இன்னார் இன்னார் பார்க்கலாம் என்று பட்டியல் கேட்கிற வழியை நினைவூட்டு.

சோதனைக்குக் கிளிநொச்சியில் இருபது பேரைச் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முதல் இந்த மாற்றங்களைச் செய்துவிட்டு, முதல் செய்தியின் தமிழ் வாசகத்தை எனக்கு அனுப்பு. பட்டன் போனில் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது, பூட்டிய திரையில் எவ்வளவு தெரிகிறது என்று எழுதுகிறேன். இருபது பேரில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும். யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் முதலில் கேள். பெயர் தேவையில்லை, எந்த வகை ஆள் என்று தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா