மணலின் ஈரத்தை யார் கழிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கான்கிரீட் கலவையை வடிவமைக்கவும் அளந்து கலக்கவும் தெரிந்த தொழில்நுட்பர்களை உருவாக்க வேண்டும் என்று கடந்த இதழில் எழுதியிருந்தீர்கள். தேவையான பேச்சு. ஆனால் அந்தப் பயிற்சியில் எதைச் சொல்லித் தருவது என்பதைக் கட்டுரை தொடவில்லை. இப்போது நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் மிக்ஸ் டிசைன் கணக்கோடு முடிந்துவிடுகின்றன. கணக்குத் தப்பியதால் கெட்ட கான்கிரீட்டைவிட, கணக்குச் சரியாக இருந்தும் பேட்சிங் பிளான்டில் (பொருள்களை எடை போட்டுக் கலக்கும் ஆலையில்) கெட்ட கான்கிரீட்தான் அதிகம் என்பது எங்கள் கருத்து.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கலவை வடிவமைப்பு நூலான ஐ.எஸ். 10262 (2019 பதிப்பு) கையில் இருந்தால் அரை நாளில் கற்றுத்தரலாம். எம் 25 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்), மிதமான சூழல், 20 மி.மீ. ஜல்லி, இரண்டாம் மண்டல (நடுத்தரப் பருமன்) எம்-சாண்ட், 100 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பு அச்சைத் தூக்கியதும் ஈரக் கலவை அமிழும் உயரம்) என்று எடுத்துக்கொள்வோம். வலிமை ஏறி இறங்கும் என்பதற்காகக் கூட்டி வைக்கும் இலக்கு வலிமை, சதுர மி.மீ.க்கு 25 + (1.65 × 4) = 31.6 நியூட்டன். தண்ணீர்–சிமெண்ட் விகிதத்துக்கு (தண்ணீரின் எடையைச் சிமெண்ட் எடையால் வகுத்தது) கான்கிரீட் கட்டுமானத்துக்கான தர நூலான ஐ.எஸ். 456 விதிக்கும் உச்சவரம்பு 0.50, நாம் 0.48 வைப்போம். 50 மி.மீ. ஸ்லம்புக்கு 186 லிட்டர் தண்ணீர். கூடுதல் 25 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் 3 சதவீதம் சேர்த்தால் 197. அட்மிக்சர் (கலவையை இளக்கும் வேதிப்பொருள்) அதில் 20 சதவீதத்தைக் குறைக்கும் என்றால் 158. சிமெண்ட் 329 கிலோ. மீதிக் கன அளவைப் பங்கிட்டால், ஜல்லியின் ஒப்படர்த்தி 2.74, மணலுக்கு 2.65 என்ற கணக்கில், ஒரு கனமீட்டருக்கு ஜல்லி 1239 கிலோ, மணல் 722 கிலோ வரும்.

இந்த 722-இல்தான் வில்லங்கம். உள்ளே தண்ணீர் குடித்து நிறைந்து, மேலே காய்ந்திருக்கும் மணலுக்கான எடை அது. அப்படியொரு மணல் எந்த யார்டிலும் கிடையாது. எம்-சாண்ட் கழுவி வருகிறது, மழையில் நனைகிறது, குவியலின் மேல்பகுதி காய்ந்திருக்க, அடிப்பகுதியில் தண்ணீர் வடியும்.

ஆகவே முதல் பாடம் வாணலி. லோடர் அள்ளும் இடத்திலிருந்து 500 கிராம் மணல் எடுத்து, அடுப்பில் வறுத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிட வேண்டும். 467 கிராம் நின்றால் போனது 33. அதைக் காய்ந்த எடையான 467-ஆல்தான் வகுக்க வேண்டும்: 7.1 சதவீதம். பலர் 500-ஆல் வகுத்துவிடுகிறார்கள். அடுத்து, மணல் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஈரத்தைக் கழிக்க வேண்டும். அது 2 சதவீதம் என்றால், கலவைக்குள் வந்து சேரும் ஈரம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். 722 கிலோவுக்கு 36 லிட்டர். ஆகவே எடை போட வேண்டிய மணல் 758 கிலோ. காய்ந்த ஜல்லி அரை சதவீதம் குடிக்கும் என்றால் அதை 1233 கிலோவாக்கி, 6 லிட்டர் தண்ணீர் கூட்ட வேண்டும். குழாயிலிருந்து வர வேண்டிய தண்ணீர் 158 – 36 + 6 = 128 லிட்டர்.

இதைச் செய்யாமல் தாளில் உள்ள எண்ணை அப்படியே கணினியில் போட்டால் என்ன ஆகும்? 722 கிலோ ஈர மணலில் மணல் 688 கிலோதான். மீதி 34 கிலோ தண்ணீர், மணல் என்ற பெயரில் உள்ளே போகிறது. ஜல்லி தன் பங்குக்கு 6 லிட்டரைக் குடித்தாலும் கலவையில் 186 லிட்டர் நிற்கும். விகிதம் 0.48-லிருந்து 0.57. ஆறு கனமீட்டர் லாரியில் 168 லிட்டர் அதிகம். ரசீதில் எம் 25 என்றுதான் இருக்கும்.

பழகிய ஆபரேட்டர் இதை விடமாட்டார். மிக்சர் மோட்டாரின் ஆம்பியர் இறங்குவதைப் பார்த்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். பாதி சரி. தண்ணீரைக் குறைத்தவர் மணலைக் கூட்டவில்லையே! கனமீட்டருக்கு 34 கிலோ மணல் குறைந்த கலவை கல்லும் கரடுமாகப் போய், பம்ப் குழாயின் வளைவில் அடைத்துக்கொள்ளும். பழி அட்மிக்சர்மீது விழும். இன்னொரு பக்கம், உறிஞ்சும் ஈரத்தைக் கழிக்க மறந்து 7.1 சதவீதத்தையும் ஈரமாகப் பிடித்தவர் 36 லிட்டருக்குப் பதில் 51 லிட்டரைக் குறைத்திருப்பார். கான்கிரீட் இறுகிப்போகும், சைட்டில் யாராவது ஹோஸைத் திறந்துவிடுவார்கள், அளவே இல்லாமல். ஈரம் அறியும் சென்சார் பிளான்டில் இருக்கிறது என்பது பதில் அல்ல. அந்த சென்சாரைச் சரிபார்ப்பதும் வாணலிதான். காலையில் ஒருமுறை, மழைக்குப் பின், புது லோடு இறங்கியதும் என்று வறுத்துப் பார்க்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது தராசு. ஐ.எஸ். 456 சிமெண்டுக்கு 2 சதவீதமும், ஜல்லி, மணல், தண்ணீர், அட்மிக்சருக்கு 3 சதவீதமும் பிசகு அனுமதிக்கிறது. ஹாப்பரின் (எடை போடும் தொட்டியின்) சுவரில் ஈர மணல் ஒட்டிக்கொண்டால் கொட்டிய பிறகும் காட்டி பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஆபரேட்டர் அதை பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு வேலையைத் தொடருவார். ஒட்டியது பின்னால் உதிரும்போது கணக்கு இரண்டு முறை கெடும். சிமெண்ட் ஹாப்பரின் காற்றுப்போக்கி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எடை பொய் சொல்லும். கேட் மூடிய பிறகும் காற்றில் விழுந்துகொண்டிருக்கும் பொருளுக்கு முன்கூட்டியே எவ்வளவு விட வேண்டும் என்பதும் பொருளுக்குப் பொருள் மாறும். இவற்றையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. எடை தெரிந்த முத்திரைக் கற்களைத் தொங்கவிட்டு, காட்டியைப் பார்த்து, பிசகைத் தாளில் எழுதிப் பழக வேண்டும்.

லாரி டிரம்மில் கழுவிய தண்ணீர் தங்குவதையும் சொல்ல வேண்டும். லோடு ஏற்றுமுன் டிரம்மைத் திருப்பிச் சுற்றிக் கொட்டாமல் 60 லிட்டர் உள்ளே நின்றால், கனமீட்டருக்கு 10 லிட்டர். 0.48 அங்கேயே 0.51 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். ஈரத்தை எவ்வளவு கவனமாகக் கழித்திருந்தாலும் பயனில்லை.

வீட்டு வேலைகளில் பிளான்ட் ஏது, அங்கே சட்டிக் கணக்குத்தானே என்று கேட்கலாம். உண்மை. சிமெண்ட், மணல், ஜல்லி ‘ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று’ என்று மேஸ்திரி சொல்வதை அளக்கும் சட்டி ஒருவருக்கு நிரம்பியும் ஒருவருக்குக் குவிந்தும் இருக்கும். 50 கிலோ மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர். அதே கொள்ளளவில் பெட்டி அடித்து, மேலே பலகையால் வழித்து அளப்பது குறைந்தபட்ச ஒழுங்கு. ஈர மணல் பெட்டியில் உப்பி நிற்கும்; உப்பலுக்கு ஈடாக மணலைக் கூட்டாவிட்டால் இங்கும் மணல் குறைந்து தண்ணீர் கூடும். எம் 20-க்கான பெயரளவுக் கலவை (டிசைன் செய்யாமல் நிலையான அளவில் போடுவது) பட்டியலில் ஐ.எஸ். 456 மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர் தருகிறது. அதே நூலின் நீடித்துழைப்புப் பட்டியல், மிக லேசான சூழலிலும் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 0.55-க்கு மேல் கூடாது என்கிறது, அதாவது 27.5 லிட்டர். பயிற்றுநர்களில் எத்தனை பேர் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறார்கள்?

வலிமை பார்க்க வார்த்து உடைக்கும் கியூபைப் பற்றிச் சுருக்கமாக. 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. உடைக்கும்போது கரணையால் தேய்த்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நிமிடத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன், அதாவது 315 கிலோநியூட்டன் என்ற வேகத்தில் சுமை ஏற்ற வேண்டும். இலக்கு வலிமையை எட்டிய நம் எம் 25 கியூப் 711 கிலோநியூட்டனில் உடையும். இரண்டே கால் நிமிடம் பிடிக்கும். அரை நிமிடத்தில் உடைத்து எழுதிய ரிப்போர்ட் உண்மையைவிட அதிகம் காட்டும். மூன்று கியூபில் ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. அப்போது சோதிக்க வேண்டியது கலவையை மட்டுமல்ல, கியூப் போட்டவரின் கையையும்தான்.

அமெரிக்கக் கான்கிரீட் கழகம் களச் சோதனைத் தொழில்நுட்பருக்கு முதல் நிலைச் சான்றிதழ் தருகிறது. எழுத்துத் தேர்வில் மட்டும் தேறினால் அது கிடைக்காது. தேர்வாளர் பார்க்க ஒவ்வொரு சோதனையையும் கையால் செய்துகாட்ட வேண்டும். ஐந்தாண்டுகளில் காலாவதியாகும். இங்கே ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் அதற்கான பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன: தராசு, அடுப்பு, வாணலி, ஸ்லம்ப் கூம்பு, கியூப் அச்சு, சிறிய மிக்சர்.

தேர்வை இப்படி வைக்கலாம். முதல் நாள் மாலை மணல் குவியலின் ஒரு பக்கத்தில் மட்டும் ஹோஸ் பிடித்துவிட வேண்டும். மறுநாள் மாணவரிடம் மேலே சொன்ன டிசைன் தாளைக் கொடுத்து, ஈரம் பார்த்து, திருத்திய எடைகளை எழுதி, 30 லிட்டர் கலக்கச் சொல்ல வேண்டும். ஸ்லம்புக்கும் ஆறு கியூபுக்கும் அது போதும். ஸ்லம்ப் 100-லிருந்து 25 மி.மீ.க்குள் வர வேண்டும். வராவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தவர் தோல்வி. அதே தண்ணீர் அளவை வைத்துக்கொண்டு விகிதத்தைப் பத்து சதவீதம் கூட்டியும் குறைத்தும், 0.53-இலும் 0.43-இலும், மேலும் இரண்டு கலவை போடச் சொல்ல வேண்டும். ஐ.எஸ். 10262 கேட்பதும் அதைத்தான். 28 நாள் கழித்து மூன்று விகிதங்களின் முடிவுகளையும் கோடாக வரைந்து காட்டிய பிறகே மதிப்பெண் போட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் சோதனைப் பயிற்றுநர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.