நோட்டின் வலது பக்கம் பிள்ளைகளுடையது

அமெரிக்காவில் ஏபி இங்கிலீஷ் எடுக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். இங்கே நியூ ஜெர்சியில் ஜூன் மாதம் பள்ளி மூடுவதற்கு முன்பே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "கோடை வாசிப்புக்கு நாவல் கொடுத்திருக்காங்க, போன வருஷ நோட்டு யார்கிட்டயாவது இருக்கா?" போன ஜூனில் அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்த மடல்.

முதல் முறையாக இதைப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏபி என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம். கோடை விடுமுறையில் ஒன்றிரண்டு நாவல்களைப் படித்து, பள்ளி திறக்கும்போது வாசிப்புக் குறிப்பு நோட்டைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் நாவலில் இருந்து ஒரு வரி, பக்க எண்ணோடு. வலது பக்கம், அந்த வரியைப் படித்தபோது பிள்ளைக்கு என்ன தோன்றியது என்பது. கதைச் சுருக்கத்தை யாரும் கேட்பதில்லை.

என் மகளுக்குக் கிடைத்தது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818ல் வந்த நாவல், விக்டர் என்பவன் ஓர் உயிரை உண்டாக்கும் கதை. அதை எடுத்துக்கொண்டுதான் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் அப்பத்தா வீட்டுக்குப் போனோம். மதியத்தில் திண்ணையில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம், அந்த உயிர் முதன்முதலாகக் கண் திறக்கும் இடம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் உழைத்து அதை உண்டாக்கிய விக்டர், அது கண் திறந்ததும் அறையை விட்டு ஓடுகிறான். வலது பக்கம் பென்சிலில் அவள் எழுதியிருந்தது இதுதான்: "கடைசி வரைக்கும் இவன் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அப்பத்தா நேற்றுப் பிறந்த கன்றுக்கு விடிவதற்குள் செவலை என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்தால் தன்னுடையது என்று ஆகிவிடும் என்று பயந்தானா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "கன்னுக்குட்டிக் கதையெல்லாம் எழுதாதே, டீச்சர் என்ன நினைப்பாங்க" என்று அழிக்கச் சொன்னேன். அப்புறம் இணையத்தில் இருந்த ஒரு சுருக்கத்தைப் பார்த்து, அறிவியலின் ஆபத்து, மனிதனின் பேராசை என்று பத்துப் பதினைந்து குறிப்புகளை நானே சொல்ல, அவள் எழுதினாள். கோனார் உரையை மனப்பாடம் பண்ணித் தேறிய தலைமுறை நாம். விடை என்றால் ஏற்கெனவே எங்கேயோ எழுதி வைத்திருக்கும் என்றே பழகிவிட்டோம்.

செப்டம்பரில் நோட்டு திரும்பி வந்தது. என் குறிப்புகள் எதன் பக்கத்திலும் டீச்சர் ஒரு வார்த்தை எழுதவில்லை. செவலை இருந்த பக்கத்தை மட்டும் அவள் அழிக்காமல் விட்டிருந்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று வரி. கடைசி வரி, "இதைப் போல இன்னும் எழுது." அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மதிப்பெண் பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏபி இங்கிலீஷ் லிட்டரேச்சர் தேர்வில் மூன்று கட்டுரைகளுக்குச் சேர்த்து 55 சதவீத மதிப்பெண். மூன்றாவது கட்டுரைக்கு நாவலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், புத்தகம் கையில் இருக்காது. இந்த நாவலைத்தான் படிக்க வேண்டும் என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு எந்தக் கட்டாயப் பட்டியலும் போடவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி. அதில் 4, படித்ததில் இருந்து சான்று காட்டி அதைத் தன் வார்த்தையில் விளக்குவதற்கு. இடது பக்கம், வலது பக்கம் என்று கோடை முழுக்கப் பழகுவது இதைத்தான். நாம் சொல்லி அவர்கள் எழுதினால் அந்தப் பழக்கம் நமக்குத்தான் வரும். ஏஐயிடம் கேட்டு எழுதினாலும் இதே கதைதான்.

இந்த மே மாதம் தேர்வு முடிந்து காரில் ஏறியதும், எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்டேன். "பேர் வைக்காததைப் பத்திம்மா" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பேராசையும் ஆபத்தும் அவளுக்கு நினைவிலேயே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நூலகப் புத்தகம் வேண்டாம், பழைய பிரதி ஒன்றை விலைக்கு வாங்கிக் கொடுங்கள். பிள்ளை அதில் கோடு போடட்டும், கிறுக்கட்டும். முடிந்தால் அதே நாவலை நீங்களும் படியுங்கள். சாப்பிடும்போது, "இன்னைக்கு எந்த இடத்துல எரிச்சல் வந்துச்சு?" என்று கேளுங்கள். புரியவில்லை என்று எழுதினால் அப்படியே இருக்கட்டும். பாட்டி சொன்ன ஒரு தமிழ்ச் சொல் வலது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து அழிக்கச் சொல்லாதீர்கள். பதினேழு வயதில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகம் அது.

இன்னொன்று. போன வருடம் நான் தட்டச்சு செய்து அனுப்பிய அந்தப் பதினைந்து குறிப்புகள் இன்னும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் அம்மா, நியூ ஜெர்சி